பாஸ்வேர்டு சரிதான், லாக்தான் சுற்றி வளைக்கிறது

"பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு ஃபார் யூசர் பில்லிங்" என்று ஒரு வரி வந்ததும் பாஸ்வேர்டை மாற்றக் கிளம்புவதுதான் எல்லோர் வழக்கமும். பெங்களூரில் வெள்ளிக்கிழமை மாலை இந்த வரி வந்தால் கேட்கவே வேண்டாம். குழுவில் பாதிப்பேர் சில்க் போர்டில் ஓசூர், சேலம் பஸ்ஸுக்கு நிற்பார்கள். மீதிப்பேர் அவசரத்தில் பாஸ்வேர்டை மாற்றி, பழையதை நம்பி ஓடிக்கொண்டிருந்த வேறு நான்கு சர்வீஸ்களையும் படுக்கவைத்திருப்பார்கள். அந்த வரி பொய் சொல்லவில்லை. தெரிந்தே பாதியை மறைக்கிறது, அவ்வளவுதான். மறைத்த பாதி எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எல்லாம் டேட்டாபேஸ் மென்பொருள்கள்: பெரும்பகுதி போஸ்ட்கிரஸ், கொஞ்சம் மைஎஸ்க்யூஎல், மற்றவை போகிற போக்கில்.

கிளையன்டுக்கு ஒரு பேச்சு, லாகுக்கு ஒரு பேச்சு

போஸ்ட்கிரஸில் அந்தப் பெயரில் யூசரே இல்லாமல் இருக்கலாம். யூசர் இருந்தும் பாஸ்வேர்டே வைக்காமல் விட்டிருக்கலாம். வைத்த பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்கலாம். உண்மையிலேயே தவறாகத் தட்டியிருக்கலாம். நாலுக்கும் கிளையன்டுக்கு, அதாவது இணைப்பு கேட்கும் மென்பொருளுக்கு, போவது ஒரே வாக்கியம், ஒரே பிழைக் குறியீடு: 28பி01. வெளியாள் ஒருவன் பெயர்களை மாற்றி மாற்றி அடித்து, எந்த யூசர் இருக்கிறார் என்று துப்பறியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் ஸ்க்ராம் முறையில் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத யூசருக்கும் ஒரு போலி சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் சீரற்ற எழுத்துகள்) கொடுத்து, கடைசி வரை நடித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தும்.

உண்மைக் காரணம் சர்வர் லாகில், ஃபேட்டல் என்ற வரிக்கு அடுத்து வரும் டீடெயில் வரியில் இருக்கும். "ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்", "ஹேஸ் நோ பாஸ்வேர்டு அசைன்டு", "ஹேஸ் ஆன் எக்ஸ்பயர்டு பாஸ்வேர்டு" என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். கூடவே, யார், எங்கிருந்து, எந்த முறையில் நுழையலாம் என்று விதிக்கும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பின் எந்த வரி பொருந்தியது என்று வரி எண்ணும், அந்த வரியின் வாசகமும் இருக்கும். லாகில் "ஃபேட்டல்" என்று மட்டும் தேடி வடிகட்டினால் அந்த டீடெயில் வரி கண்ணில் படாது. லாகைத் திரட்டும் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தனி நிகழ்வாக வெட்டிவிடுவதால் நிறைய இடங்களில் இதுதான் நடக்கிறது. வடிகட்டாமல், அதே ப்ராசஸ் எண் உள்ள எல்லா வரிகளையும் எடுத்துப் பாருங்கள்.

அந்த எச்பிஏ வரியின் வாசகம் இன்னொன்றுக்கும் உதவும். கோப்பைத் திருத்தி ரீலோட் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்போம். டீடெயிலில் பழைய வாசகமே வந்தால் ரீலோட் நடக்கவில்லை என்று அர்த்தம். கோப்பில் எழுத்துப் பிழை இருந்தால் போஸ்ட்கிரஸ் புதியதை ஒதுக்கிவிட்டுப் பழைய விதிகளோடே ஓடும். லாகில் ஒரு வரி முனகுவதோடு சரி. பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூவில் எர்ரர் பத்தியைப் பார்த்தால் எந்த வரி கெட்டது என்று தெரியும். இன்னொன்று: எச்பிஏ விதிகளில் முதலில் பொருந்தும் வரிதான் தீர்ப்பு. அது தோற்றால் அடுத்த வரிக்கு இறங்கிப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

ஒரு முயற்சி, இரண்டு தோல்வி

இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. போஸ்ட்கிரஸோடு பேச கிளையன்டுகள் பயன்படுத்தும் லிப்பிக்யூ நூலகத்தில், எஸ்எஸ்எல் (இணைப்பை மறையாக்கம் செய்யும் முறை) வேண்டுமா என்று சொல்லும் எஸ்எஸ்எல்மோட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு ப்ரிஃபர். முதலில் எஸ்எஸ்எல்லோடு போகும். அங்கே சர்வர் மறுத்தால், மறுத்த காரணம் தவறான பாஸ்வேர்டாகவே இருந்தாலும், எஸ்எஸ்எல் இல்லாமல் இன்னொரு முறை கதவைத் தட்டும்.

சர்வர் எஸ்எஸ்எல்லை மட்டுமே அனுமதிக்கிறது என்று வையுங்கள். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரஸ் 15 முதல் இதுவே இயல்புநிலை. முதல் முயற்சியில் "பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு". இரண்டாவதில் "நோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் என்ட்ரி ஃபார் ஹோஸ்ட்" என்று தொடங்கி, யூசர், டேட்டாபேஸ் எல்லாம் சொல்லி, "நோ என்கிரிப்ஷன்" என்று முடியும். போஸ்ட்கிரஸ் 14க்கு முந்தையவற்றில் அதே இடத்தில் "எஸ்எஸ்எல் ஆஃப்" என்று இருக்கும். டெர்மினலில் இரண்டும் அடுத்தடுத்து வரும், கண் கடைசி வரியில்தான் நிற்கும். அப்புறம் நெட்வொர்க் குழுவுக்கு டிக்கெட், செக்யூரிட்டி குரூப்பில் புது ஐபி, விபிஎன் மாற்றம் என்று அரை நாள் போய்விடும். பார்க்க வேண்டியது முதல் வரியை. பாஸ்வேர்டு தவறு என்பதுதான் விஷயம், எச்பிஏ வரி அதன் எதிரொலி.

சர்வர் இரண்டு விதத்தையும் அனுமதித்தால் விளைவு வேறு மாதிரி. ஒரே வினாடியில், இரண்டு போர்ட் எண்களில், இரண்டு பாஸ்வேர்டு தோல்விகள் பதிவாகும். மூன்று தோல்விக்கு ஐபியை முடக்கும் கருவி எதையாவது லாகின் மேல் வைத்திருந்தால், மனிதர் இரண்டு முறை தவறாகத் தட்டினாலே கணக்கு நாலாகிவிடும். அலுவலகம் முழுவதும் ஒரே பொது ஐபி வழியாக வெளியே போகிற இடத்தில், ஒருவர் தவறுக்கு மொத்த மாடியும் வெளியே நிற்கும்.

தீர்வு எளிது. எஸ்எஸ்எல்மோடை ரிக்வயர் என்று வையுங்கள், முடிந்தால் வெரிஃபை-ஃபுல். ஒரே முயற்சி, ஒரே பிழை.

இணைப்புகளை லாகில் பதியும் லாக்_கனெக்ஷன்ஸ் அமைப்பைப் போட்டிருந்தால் இன்னொரு இரட்டையும் தெரியும். பாஸ்வேர்டு தராமல், போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லை ஓட்டினால், அது முதலில் போய் பாஸ்வேர்டு கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, இணைப்பை அறுத்து, உங்களிடம் கேட்டு, திரும்பப் போகும். "கனெக்ஷன் ரிசீவ்டு" இரண்டு முறை பதிவாகும். போஸ்ட்கிரஸ் கையேடே இதைக் குறை என்று எண்ண வேண்டாம் என்கிறது. ஊடுருவல் என்று பயந்து அறிக்கை எழுத வேண்டாம்.

சரியான பாஸ்வேர்டு தோற்கும் இடங்கள்

எச்பிஏவில் ஸ்க்ராம்-ஷா-256 என்று மாற்றியாயிற்று, ஆனால் யூசரின் பாஸ்வேர்டு பழைய எம்டி5 வடிவிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. கிளையன்டுக்கு வருவது அதே "பாஸ்வேர்டு ஃபெயில்டு". டீடெயிலில் மட்டும் "டஸ் நாட் ஹேவ் எ வேலிட் ஸ்க்ராம் சீக்ரெட்" என்று இருக்கும். சூப்பர்யூசராக பிஜி_ஆத்ஐடி அட்டவணையில் ரோல்பாஸ்வேர்டு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். எம்டி5 என்று தொடங்கினால் பழையது. பாஸ்வேர்டு_என்கிரிப்ஷன் அமைப்பை ஸ்க்ராமுக்கு மாற்றிவிட்டு அதே பாஸ்வேர்டையே மறுபடி வைத்தால் போதும். புதுப் பாஸ்வேர்டு தேவையில்லை. தலைகீழ் நிலையில் தொந்தரவு இல்லை: எச்பிஏவில் எம்டி5 என்று இருந்து, சேமிப்பு ஸ்க்ராமாக இருந்தால், சர்வர் தானாகவே ஸ்க்ராமுக்கு மாறிக்கொள்ளும்.

எம்டி5 பாஸ்வேர்டில் யூசர் பெயரும் கலந்திருப்பதால், ரோலின் பெயரை மாற்றினால் பாஸ்வேர்டு அழிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு நோட்டீஸ் வரும். மைக்ரேஷன் ஸ்கிரிப்டின் நூறு வரி வெளியீட்டில் அதை யார் படிக்கிறார்கள்?

ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரில் பழையதை வைத்திருப்போருக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. "தி ஆதென்டிகேஷன் டைப் 10 இஸ் நாட் சப்போர்ட்டட்" என்று தொடங்கி, எச்பிஏ கோப்பில் உங்கள் ஐபி இருக்கிறதா என்று பாருங்கள் என ஆலோசனையும் சொல்லும். ஐபிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 10 என்பது சாஸ்ல், அதாவது ஸ்க்ராம். அதைப் பேசத் தெரியாத டிரைவர் வாய்க்கு வந்த யோசனையைச் சொல்கிறது. 42.2.0க்கு மேல் டிரைவரை ஏற்றினால் தீரும். போஸ்ட்கிரஸ் 14ல் ஸ்க்ராம் இயல்பானது, ஆகவே பழைய ஜாவா சர்வீஸ் ஒன்றை விட்டுவிட்டு டேட்டாபேஸை மட்டும் மேம்படுத்தும் இடங்களில் இது வர வாய்ப்பு அதிகம்.

"பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" என்று வந்தால் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம், அங்கே பாஸ்வேர்டே கேட்கப்படவில்லை. யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வந்ததால் லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றா என்று பார்த்திருக்கிறது. 127.0.0.1 என்று ஹோஸ்டைக் கொடுத்தால் டிசிபி வழியாகப் போகும். "டேட்டாபேஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று வந்தாலோ நல்ல செய்தி: பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது. டேட்டாபேஸ் பெயரைத் தராமல் விட்டால் யூசர் பெயரையே டேட்டாபேஸ் பெயராக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால் வருவது அது.

பேசியது யார்?

பிழை வரியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைச் சொன்னது சர்வரா, இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்க நடுவில் நிற்கும் பூலரா, கிளையன்ட் நூலகமா என்பது. "நோ பாஸ்வேர்டு சப்ளைடு" என்பது லிப்பிக்யூ தானே சொல்வது. பெரும்பாலும் சூழல் மாறி காலியாக இருக்கும், அல்லது .பிஜிபாஸ் கோப்பின் அனுமதி 0600ஐவிடத் தளர்வாக இருந்ததால் லிப்பிக்யூ அதை ஒதுக்கியிருக்கும். தோல்விச் செய்தியோடு "பாஸ்வேர்டு ரிட்ரீவ்டு ஃப்ரம் ஃபைல்" என்று ஒட்டிக்கொண்டு வந்தால் பழைய பாஸ்வேர்டு அந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது.

பிழை வந்த அதே வினாடியில் சர்வர் லாகில் ஒன்றுமே இல்லையா? நீங்கள் பேசியது வேறு சர்வரோடு. லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரஸ் 5432ல் ஓடிக்கொண்டிருக்கும், டாக்கரில், அதாவது கன்டெய்னர் ஒன்றுக்குள், இன்னொன்றையும் அதே போர்ட்டுக்குத் திறந்திருப்பார்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று போனால் பழையதுதான் வாசலில் நின்று "பாஸ்வேர்டு தவறு" என்று சொல்லும். டாக்கரில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. போஸ்ட்கிரஸ்_பாஸ்வேர்டு என்ற மாறி, தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே செல்லும். வால்யூம் (டாக்கர் தரவைச் சேமிக்கும் இடம்) ஏற்கெனவே இருந்தால் அதை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை. அடுத்து, அதிகாரபூர்வ இமேஜில் கன்டெய்னருக்குள்ளிருந்து 127.0.0.1க்குப் போனால் எச்பிஏ விதி ட்ரஸ்ட். எந்தப் பாஸ்வேர்டும் செல்லும். "உள்ளே போய்ச் சோதித்தேன், பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது" என்பது அங்கே சாட்சியமே அல்ல. சோதனையை, தோற்கும் சர்வீஸின் பாடுக்குள்ளிருந்து (பாட் என்பது குபர்நெட்டிஸில் கன்டெய்னர்கள் ஓடும் அலகு), அதே சூழல் மாறிகளோடு செய்யுங்கள்.

பாஸ்வேர்டு வழியில் கெடுவதும் உண்டு. எக்கோ கட்டளையால் பேஸ்64 செய்து குபர்நெட்டிஸ் சீக்ரெட்டில் போட்டால் கடைசியில் ஒரு புதுவரி எழுத்து சேர்ந்துகொள்ளும். பாடுக்குள் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள், 12 இருக்க வேண்டிய இடத்தில் 13 இருந்தால் அதுதான். இணைப்பு முகவரியில் பாஸ்வேர்டைச் சேர்த்து எழுதும்போது அட் குறி %40 ஆகவும், ஹேஷ் %23 ஆகவும், சாய்கோடு %2எஃப் ஆகவும் மாற வேண்டும். டாக்கர் கம்போஸில் டாலர் குறியை இரட்டிக்க வேண்டும். வேர்டு கோப்பிலிருந்து ஒட்டிய பாஸ்வேர்டில் சாதாரண ஹைபன் நீளக்கோடாக மாறியிருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

நடுவில் பிஜிபவுன்சர் என்ற பூலர் இருந்தால் இன்னொரு குழப்பம். பின்னால் உள்ள சர்வரில் நுழைவு ஒருமுறை தோற்றால், சர்வர்_லாகின்_ரீட்ரை காலம், இயல்பாக 15 வினாடி, மறுபடி முயலாது. அந்த இடைவெளியில் வருவோருக்குப் பழைய பிழையையே "கேஷ்டு எர்ரர்" என்று திருப்பிக் கொடுக்கும். பாஸ்வேர்டைச் சரிசெய்துவிட்டு அடுத்த நொடியே சோதித்து, "இன்னும் வேலை செய்யவில்லை" என்று மறுபடி மாற்றினால், சரியானதைக் கெடுத்ததாகிவிடும். டீ குடித்துவிட்டு வந்து சோதியுங்கள்.

ஜாவா பக்கம், இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் ஹிகாரி பூல் செய்யும் வேலை இதைவிட நாசூக்கு. பாஸ்வேர்டை இரண்டு மணிக்கு மாற்றியிருப்பீர்கள். திறந்திருக்கும் இணைப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, அவை ஏற்கெனவே உள்ளே இருப்பவை. ஓர் இணைப்பின் ஆயுளான மேக்ஸ்லைஃப்டைம் இயல்பாக 30 நிமிடம் என்பதால் இரண்டரை மணிக்குள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறும், புதியவை நுழைய முடியாது. கடைசியில் லாகில் வருவது "கனெக்ஷன் இஸ் நாட் அவெய்லபிள், ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் ஆஃப்டர் 30000எம்எஸ்". பாஸ்வேர்டு என்ற சொல்லே அந்தத் தலைப்பு வரியில் இல்லை. பூலைப் பெரிதாக்க ஓடுவார்கள். ஸ்டாக் டிரேஸின் அடிவரை இறங்கி "காஸ்டு பை" என்ற கடைசி வரியைப் படியுங்கள்.

மைஎஸ்க்யூஎல்

பிழை 1045: ஆக்சஸ் டினைடு ஃபார் யூசர், பெயர், அட் குறி, ஹோஸ்ட், யூசிங் பாஸ்வேர்டு: யெஸ். அந்த ஹோஸ்ட் நீங்கள் வந்த இடம். சர்வர் முகவரியும் அல்ல, பொருந்திய கணக்கும் அல்ல. "யெஸ்" என்றால் ஏதோ ஒரு பாஸ்வேர்டு அனுப்பப்பட்டது, அவ்வளவே. "நோ" என்று வந்தால் எதுவும் அனுப்பப்படவில்லை, நிரலை விட்டுவிட்டு கான்ஃபிக்கைப் பாருங்கள்.

ஒரே பெயரில் ஆப் அட் % என்றும், ஆப் அட் 10.20.% என்றும் இரண்டு கணக்குகள் இருந்தால், 10.20லிருந்து வருபவருக்குக் குறிப்பாக உள்ள இரண்டாவதுதான் பொருந்தும். % கணக்கின் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் தோல்விதான். மைஎஸ்க்யூஎல்.யூசர் அட்டவணையில் அந்தப் பெயருக்கு உள்ள யூசர், ஹோஸ்ட், ப்ளகின் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். கட்டளையில் -பிக்கும் பாஸ்வேர்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பாஸ்வேர்டு டேட்டாபேஸ் பெயராகிவிடும். பிறகு வரும் 1044 அல்லது 1049 பிழையில் உங்கள் பாஸ்வேர்டே அச்சாகும், அந்த ஸ்கிரீன்ஷாட்டை குரூப்பில் போடாதீர்கள்.

கேஷிங்_ஷா2_பாஸ்வேர்டு என்ற நுழைவு முறை மைஎஸ்க்யூஎல் 8.0ல் இயல்பானதிலிருந்து ஒரு விசித்திரத் தோல்வி உண்டு. முதல் முழு நுழைவுக்கு டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) வேண்டும், அல்லது ஆர்எஸ்ஏ பொதுச்சாவி வேண்டும். ஒருமுறை நுழைந்துவிட்டால் சர்வர் நினைவில் கேஷ் ஆகும், அதன்பின் டிஎல்எஸ் இல்லாமலும் விடும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலோ, ஃப்ளஷ் ப்ரிவிலேஜஸ் ஓடினாலோ கேஷ் காலி. டிஎல்எஸ் இல்லாத இரவு வேலை ஒன்று மாதக்கணக்கில் ஓடும். பேட்ச் போட்ட மறுநாள் "ஆதென்டிகேஷன் ரிக்வயர்ஸ் செக்யூர் கனெக்ஷன்" என்று விழும், ஜேடிபிசியில் "பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவுடு". யாராவது அதே யூசராக டிஎல்எஸ்ஸோடு நுழைந்து பார்த்தால் கேஷ் நிரம்பி, வேலை தானாகச் சரியாகும். ஆராய்ச்சியே நோயைத் தற்காலிகமாக மறைக்கும் இப்படி ஒன்றை வேறெங்கும் காண்பது அரிது. அலவ்பப்ளிக்கீரிட்ரீவலை ட்ரூ ஆக்கு என்பதே இணையத்தின் பதில். நடுவில் ஆள் நின்றால் போலிச் சாவி கொடுக்க அது வழி விடும். டிஎல்எஸ்ஸைப் போடுவதே முறை.

8.0ல் இந்தத் தோல்விகள் இயல்பாக எர்ரர் லாகுக்கே வராது. லாக்_எர்ரர்_வெர்பாசிட்டி 3 ஆக வேண்டும், இயல்பு 2. லாகில் ஒன்றுமில்லை என்பதை வைத்து நெட்வொர்க்கைப் பழிக்காதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக. எஸ்க்யூஎல் சர்வரின் 18456 கிளையன்டுக்கு எப்போதும் ஸ்டேட் 1 என்றே காட்டும். உண்மை எண் சர்வரின் எர்ரர்லாகில்: 5 என்றால் யூசர் இல்லை, 8 பாஸ்வேர்டு தவறு, 38 கேட்ட டேட்டாபேஸ் கிடைக்கவில்லை, 58 விண்டோஸ் நுழைவு மட்டுமே அனுமதி. மாங்கோடிபியில் லாகில் "யூசர்நாட்ஃபவுண்ட்" என்று வந்தால், பக்கத்தில் எந்த டேட்டாபேஸ் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும், யூசர் எந்த டேட்டாபேஸில் பதிவானவர் என்று சொல்லும் ஆத்சோர்ஸ் தராததால் அட்மினில் இருக்கும் யூசரை வேறு இடத்தில் தேடியிருக்கும்.

ஆர்டிஎஸ்ஸில் "பேம் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" என்றால் அந்த யூசருக்கு, அமேசான் அடையாளத்தால் நுழையவைக்கும் ஆர்டிஎஸ்_ஐஏஎம் ரோல் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. டோக்கன்தான் வேண்டும், அதற்கும் ஆயுள் 15 நிமிடம். டோக்கனில் ரீஜனும் கையெழுத்தாகிறது. டேட்டாபேஸ் மும்பையில், அதாவது ஏபி-சவுத்-1ல் இருக்க, கான்ஃபிக்கில் ஹைதராபாத்தின் ஏபி-சவுத்-2 என்று இருந்தால் டோக்கன் உருவாகும், சிக்கலில்லாமல் அச்சாகும், வாசலில் மட்டும் செல்லாது.

நேரக் கணக்கு ஒன்று பாக்கி. ஆர்டிஎஸ் லாக் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். பிற்பகல் 2:10க்கு நடந்ததை 8:40ல் தேட வேண்டும். பாஸ்வேர்டு காலாவதியிலும் இதே ஐந்தரை மணி நேரம் விளையாடும். வேலிட் அன்டில் '2026-03-31' என்று யுடிசி செஷனில் எழுதினால், மார்ச் 31 முழுக்கச் செல்லும் என்று எண்ணிக்கொள்வோம். அது அந்த நாளின் தொடக்கத்திலேயே, நம் கடிகாரத்தில் அதிகாலை 5:30க்கே முடிந்துவிடும். நிதியாண்டுக் கடைசி நாள் காலையில் பில்லிங் சர்வீஸ் மறுபடி தொடங்கும்போது கிளையன்ட் லாகில் வருவது வழக்கமான அதே "பாஸ்வேர்டு ஃபெயில்டு". எழுதும்போதே '2026-04-01 00:00+05:30' என்று நேரமண்டலத்தோடு எழுதுங்கள்.